வாய்க்கட்டோடு எடுத்த படம்

பெயர்: லோகாம்பாள். கணவர் பெயர்: காலஞ்சென்ற மருதையன். வயது: நாற்பத்தாறு. தொழில்: பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கும் வேலை. விலாசம்: மேலத்தெரு, போலகம், காரைக்கால். 1981-ம் வருடம் டிசம்பர் மாதம் விசாரணை அதிகாரி முன்பாகத் தானாக ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். எனக்கு ஆண் பிள்ளை கிடையாது. ஒரே மகள் அல்லி. அவளை நெடுங்காட்டில் முத்தையன் என்பவருக்குக் கட்டிக்கொடுத்தேன். முத்தையன் தன் தாயார் செல்லத்துடன் இருந்துகொண்டு சொந்த நிலத்தில் நெல் சாகுபடி செய்து வருகிறார். காரைக்காலில் ஸ்டூடியோ வைத்திருப்பவரும், பத்திரிகைக்குச் செய்தியும் படமும் அனுப்பி வருபவருமான நீலமேகம் என்பவர், முத்தையன் தன்னைத் தாக்கித் தன் காமிராவை வாய்க்காலில் எறிந்துவிட்டதாகப் புகார் கொடுத்து, அதன் பேரில் முத்தையனை இங்கே வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருக்கிறேன். முத்தையன் காமிராவைத் தொடவில்லை. தொட்டதும் தூக்கியதும் எறிந்ததும் நான். காமிரா விஷயத்தை மட்டும் சொன்னால் போதும் என்று ரைட்டர் ஐயா சொன்னார். அதை மட்டும் சொன்னால் புத்தி பேதலித்த பொம்பளை என்று எழுதிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள், மாப்பிள்ளை உள்ளேயே இருப்பார். ஆகையால் ஊசி போட்ட நாளிலிருந்து சொல்கிறேன்.

இந்த வருடம் ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றாகிப் போய், மழை விட்ட பிறகு எங்கள் பக்கத்தில் வாந்திபேதி கண்டது. அதன் பிறகு சுகாதாரத்தார் ஊர் ஊராக வந்து காலரா ஊசி போட்டார்கள். போலகத்தில் பள்ளிக்கூடத்தில் வைத்துப் போட்டார்கள். ஊசி போட வந்தவர் கல்யாணசுந்தரி என்ற நர்சம்மா. ஜனங்கள் வந்து நின்றார்களே தவிர முதலில் கையை நீட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் என் கையால் சாப்பிடுகிறவர்கள் என்பதால், நான் முதலில் போட்டுக்கொண்டால் மற்றவர்கள் வருவார்கள் என்று நர்சம்மா என்னைக் கேட்டுக்கொண்டார். நான் சம்மதித்தேன்.

அன்றைக்கு எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் வீங்கியிருந்தது. வறுத்த உப்பை முடிந்து கன்னத்தில் வைத்து, அது நழுவாமல் இருக்க வெள்ளை வேட்டித் துணியைக் கிழித்துத் தாடையோடு சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தேன். தலைவலிக்காக நெற்றியில் சுக்கு அரைத்து வட்டமாகப் பற்றுப் போட்டிருந்தேன். எனக்கு மயக்கம் வந்துவிடப் போகிறது என்று நர்சம்மா பயந்து, பெரிய வாத்தியார் உட்காரும் கை வைத்த நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு என்னை உட்கார வைத்தார். கொதிக்கிற உலைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறவள்தான் நான், ஆனால் ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வேன். அப்படியே மூடிக்கொண்டேன்.

அப்போது நீலமேகம் காமிராவுடன் வந்தார். அவரை எனக்கு முன்பே தெரியும். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடையைச் சேர்த்து உச்சியில் துணியால் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கக் கடைசிப் படம் எடுப்பது உண்டு. காரைக்கால் சுற்றுவட்டாரத்தில் அந்தப் படத்துக்கு எல்லோரும் கூப்பிடுவது நீலமேகத்தைத்தான். என் வீட்டுக்காரருக்கு எடுத்ததும் அவர்தான். இதைத் தாங்கள் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

நான் கண்ணைத் திறந்து, "படம் வேணாம் தம்பி, வாய்க்கட்டுக் கட்டின மாதிரி உக்காந்திருக்கேன்" என்று சொன்னேன். அதற்கு அவர், "ஊசி முகாம் நல்லா நடக்குதுன்னு போடப் போறாங்கம்மா, ஊருக்குத்தானே நல்லது, கண்ணை மூடிக்கிட்டே இருங்க" என்றார். அதன் பிறகு என்னிடம் வந்து, ஒரு பக்கம் சரிந்திருந்த துணி முடிச்சை இரண்டு விரலால் பிடித்து உச்சிக்கு நேராக இழுத்துவிட்டார். பிறகு தள்ளிப் போய்ப் படம் எடுத்தார். நர்சம்மா ஊசி போட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எழுந்து போய்ச் சாம்பாரைத் தாளித்தேன், அதைப் பார்த்து ஜனங்கள் வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள்.

அதன் பிறகு சில நாள் கழித்து, காலையில் பால் வாங்கப் போனபோது டீக்கடை வைத்திருக்கும் சேக் பரீது என்னைப் பார்த்துக் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். பிறகு சிரித்துக்கொண்டு, "அக்கா, நீங்க மௌத்தாயிட்டதாப் பேப்பர்ல வந்திருக்கே, இங்க எங்க வந்தீங்க" என்று கேட்டார். பத்திரிகையை என்னிடம் காட்டினார். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். 'காலரா ஊசி போட்டவர் சாவு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே என் படம். வாய்க்கட்டு, மூடிய கண், கை வைத்த நாற்காலி எல்லாம் இருந்தது. சுக்குப் பற்று வெள்ளையாக விழுந்து ஒட்டிய காசு போலவே இருந்தது. படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் 'போலகம் ஊசி முகாமில் எடுத்த படம்' என்று இருந்தது.

பரீது பாய் செய்தியை முழுவதும் படித்துச் சொன்னார். கருக்களாச்சேரியில் மீன்பிடிக்கும் பெரியவர் ஒருவர் ஊசி போட்ட மறுநாள் இறந்துபோனார் என்று முதல் பக்கத்தில் இருந்தது. அவருக்கு ஊசி போடுவதற்கு முன்பே பேதி இருந்தது, ஊசியால் சாகவில்லை என்று டாக்டர் சொன்னது உள்பக்கத்தில் விளம்பரத்துக்கு நடுவில் இருந்தது. கடையில் நின்றவர்கள் என்னைக் கேலி செய்தார்கள். பதினாறாம் நாள் சாப்பாட்டை நீங்களே சமைத்துவிடுங்கள் என்று ஒருவர் சொன்னார். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். நெடுங்காட்டிலும் டீக்கடை உண்டு, அங்கேயும் பேப்பர் போகும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

அதன் பிறகு நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அன்று விட்டுப்போனவர்களுக்கு ஊசி போடும் நாள். ஒருவரும் வரவில்லை. கொம்யூன் பஞ்சாயத்து ஜீப்பில் கல்யாணசுந்தரி நர்சம்மா வந்து இறங்கினார். ஜீப்பின் முன்கண்ணாடி உடைந்திருந்தது. கருக்களாச்சேரிக்குள் நுழைந்தபோது கல்லால் அடித்ததாகவும், அங்கே பேதியில் கிடக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவதற்குக் கூட விடமாட்டேன் என்கிறார்கள் என்றும், அதுவும் ஊசிதானே என்று கேட்கிறார்கள் என்றும் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க ஒரு தடவை வந்து நின்னா போதும்" என்றார். உலையை உதவிக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

முதலில் காரைக்காலில் நீலமேகத்தின் ஸ்டூடியோவுக்குப் போனோம். அவர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்று உட்காரச் சொன்னார். மரியாதைக்கு அவரிடம் குறைவே கிடையாது. நான் பத்திரிகையை மேசை மேல் போட்டு, "என்ன தம்பி இது" என்று கேட்டேன்.

"இதுல ஒரு எழுத்து பொய் இருந்தாச் சொல்லுங்கம்மா" என்றார் அவர். "ஊசி போட்டவர் செத்தது நெசம். படம் போலகத்துல எடுத்ததும் நெசம். நீங்க செத்துட்டீங்கன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"அந்தச் சாவுக்கு அடியில என் படம் எதுக்கு?"

"ரெண்டையும் நான் தனித்தனியாத்தான் அனுப்பினேன். சேர்த்துப் போட்டது பத்திரிகை ஆபீஸ்ல. அவங்களுக்கு முகாம் படம் ஒண்ணு வேணும், கையில இது இருந்துச்சு."

அதற்கு நர்சம்மா, அப்படியானால் இப்போதே பத்திரிகைக்கு டெலிபோன் போட்டுச் சொல்லுங்கள், எங்களோடு ஜீப்பில் வந்து ஜனங்களிடமும் சொல்லுங்கள் என்று கேட்டார். நீலமேகம் டெலிபோன் செய்து பார்க்கிறேன், ஆனால் கூட வர முடியாது, வந்தால் பத்திரிகைக்குக் கேவலம் என்றார். நான் அவரிடம், "வேற யாருக்கும் தெரியாட்டியும் உங்களுக்குத் தெரியுமே தம்பி, வாய்க்கட்டோட நாற்காலியில உக்காந்தா ஜனம் என்னன்னு நெனைக்கும்னு" என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் அவர் எடுத்த கல்யாணப் படங்கள் மாட்டியிருந்தன. என்னைக் கண் திறந்தபடி இன்னொரு படம் எடுத்து நாளைக்கே அதே இடத்தில் போடச் சொன்னேன். நன்றாக இருக்கிறவர்கள் படத்தை முதல் பக்கத்தில் போடமாட்டார்கள் என்று சொன்னார்.

அதன் பிறகு கருக்களாச்சேரிக்குப் போனோம். ஊருக்கு வெளியிலேயே ஜீப்பை நிறுத்திவிட்டார்கள். நர்சம்மா மைக்கில், பத்திரிகையில் வந்த அம்மா இதோ உயிரோடு இருக்கிறார் என்று சொல்லி என்னைச் சீட்டின் மேல் ஏறி நிற்கச் சொன்னார். நின்றேன். கூட்டத்தில் ஒருவர் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இது வேற பொம்பளை, கவர்மெண்டுல காசு குடுத்துக் கூட்டியாந்திருக்காங்க" என்றார். ஒரு வயதான அம்மாள், "வாய்க்கட்டுக் கட்டிக் காட்டச் சொல்லு, தெரிஞ்சிடும்" என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

நர்சம்மா வேண்டாம் என்று என்னைத் தடுத்தார். எனக்கு அவமானமாக இருந்தது, கோபமும் வந்தது. ஆனாலும் அந்த ஊரில் பேதியில் கிடக்கிறவர்கள் குடிசைக்குள் கிடந்தார்கள். நர்சம்மாவின் பையிலிருந்து கட்டுத் துணியை வாங்கித் தாடையோடு சேர்த்து உச்சியில் முடிந்துகொண்டு, சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டேன். உயிரோடு இருக்கிறேன் என்று காட்டுவதற்காகப் பிணம் போல இருந்து காட்டினேன். சுற்றி வந்து பார்த்தார்கள். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு பத்திரிகை வைத்திருந்தவர், "அந்தம்மாதான்" என்றார். நான் கண்ணைத் திறந்ததும் சிலர் சிரித்தார்கள், வழி விட்டார்கள். பேதியில் கிடந்தவர்களை அவர்களே கட்டிலோடு தூக்கிவந்து ஏற்றினார்கள். அவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டதாகப் பின்னால் நர்சம்மா சொல்லக் கேட்டேன். அது எனக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது.

அவர்களை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்ட பிறகு, நாங்கள் சுகாதார ஆபீசுக்குப் போனோம். அங்கே ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர், நெடுங்காட்டுக்குப் போய் வந்தவர், நர்சம்மாவிடம் குறைபட்டுக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் சின்ன வயசுப் பெண் காலையிலிருந்து பேதியாகிக் கிடக்கிறது, மாமியார்க்காரி வாசற்கதவைச் சாத்திக்கொண்டு, "எங்க போலகத்துச் சம்பந்தியம்மாவைக் கொன்ன ஊசி எங்களுக்கு வேணாம்" என்று சொல்லி விரட்டிவிட்டாள் என்றார். போலகத்துச் சம்பந்தி என்றால் நெடுங்காட்டில் அது நான் ஒருத்திதான்.

நர்சம்மாவுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் டிரைவரைக் கூப்பிட்டார். குளுக்கோஸ் பாட்டில்களை எடுத்துக்கொண்டு நெடுங்காட்டுக்குப் புறப்பட்டோம். மழையில் ரோடு அரித்துப்போய் ஜீப் வேகமாகப் போக முடியவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரை நான் மனதுக்குள் திட்டினேன். அவர் மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

நெடுங்காட்டில் மகள் வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். நான் இறங்கியதும் அவர்கள் கும்பலாக எதிர்த் தெருவுக்கு ஓடினார்கள். சம்பந்தி செல்லம் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார், பார்த்ததும் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டார். கூப்பிட்டும் திறக்கவில்லை. ஜன்னலுக்குப் போய், "சம்பந்தி, என் காலைப் பாருங்க, தரையில இருக்கு பாருங்க, வெயில்ல என் நிழலைப் பாருங்க" என்று கெஞ்சினேன். "பேப்பர்ல பார்த்தேனே, வாய்க்கட்டுக் கட்டிப் பார்த்தேனே" என்று உள்ளேயிருந்து சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டினேன். அவர் வெகுநேரம் கழித்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். சூடு தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு தாழ்ப்பாளைத் திறந்தார்.

அல்லி உள்ளே பாயில் கிடந்தாள். கண் குழிவிழுந்து கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கை சில்லிட்டிருந்தது, விரல் தோல் தண்ணீரில் ஊறினது போலச் சுருங்கியிருந்தது. நான் செத்துவிட்டேன் என்ற தகவலை அவளிடம் சொல்லாமல் மறைக்க வேண்டும் என்றுதான் அவள் மாமியார் பார்த்திருக்கிறார், தெருவில் பேசினது அவள் காதில் விழுந்துவிட்டது. நான் குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பயப்படவில்லை. "என்னையக் கூப்பிட வந்தியாம்மா" என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்தேன் என்று சொன்னேன். "வர்றேன்" என்றாள். எங்கே வருகிறேன் என்று அவள் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். நான் செத்தவள் இல்லை, நான் செத்தவள் இல்லை என்று அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது சொல்லிக்கொண்டே போனேன். அது அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

ஜீப்பில் நர்சம்மா குளுக்கோஸ் ஏற்றப் பார்த்தார். நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் பார்த்து, கடைசியில் காலில் கிடைத்தது. நான் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஊசி என்றால் பயம் என்று முன்பே சொன்னேன். அன்று நான் கண்ணை மூடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ஓடி ஓடிச் செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் அல்லி இறந்துபோனாள். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், என்னைப் பார்த்துவிட்டு மேலே சொல்லவில்லை.

மாப்பிள்ளை முத்தையன் அதுவரை எங்கே போனார் என்று தாங்கள் கேட்டீர்கள். அவர் போலகத்தில் இருந்தார். அன்று காலை டீக்கடையில் பத்திரிகையைப் பார்த்தவர், எனக்குக் கொள்ளி போடப் பிள்ளை இல்லாததால் தானே போக வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார். இழவு சொல்ல ஆள் வரவில்லையே என்று தாயாரிடம் கேட்டாராம். காலராச் சாவுக்கு யார் வந்து சொல்வார்கள், உடனே எடுத்துவிடுவார்கள், நீ ஓடு என்று அவர் சொன்னாராம். அல்லிக்கு அப்போதுதான் வயிறு சரியில்லை என்று ஆரம்பித்திருந்தது, கஷாயம் கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். முத்தையன் எனக்குப் போர்த்துவதற்குக் கோடிச் சேலை ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் வாய்க்கால் கரையோடு குறுக்கே போனார். நான் ஜீப்பில் ரோட்டோடு போனேன். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

போலகத்தில் பரீது பாய் கடையில், உங்கள் அத்தை சாகவில்லை, ஜீப்பில் ஊர்வலம் போகிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லையாம். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். கோடிப் பையை யார் கண்ணிலும் படாமல் சைக்கிளில் மாட்டிவிட்டு, என்னைப் பார்த்துவிட்டுத்தான் போவது என்று என் வீட்டு வாசலில் காத்திருந்தார். அங்கே வைத்துத்தான் அவருக்குத் தகவல் சொன்னார்கள். சாகாதவளுக்காகக் காத்திருந்தவருக்கு, அல்லியின் உயிர் இருக்கும்போது ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக் கூட முடியாமல் போயிற்று.

மறுநாள் காலையில் அல்லியை நெடுங்காட்டுக்குக் கொண்டுவந்தோம். காலராச் சாவை வைத்திருக்கக் கூடாது என்று சுகாதார ஆள் கூடவே நின்றார். வேறு கோடி வாங்கிவர நேரமில்லை. எனக்கென்று வாங்கிய சேலை பையிலேயே இருந்தது. விதவைக்கு வாங்கியது என்பதால் வெள்ளைச் சேலை, கரை மட்டும் அரக்கு. சுமங்கலிக்கு அதைப் போர்த்தக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். செல்லம் மஞ்சளைக் குழைத்து அந்தச் சேலையின் மூலைகளில் தடவினார். நானும் அவரும் சேர்ந்து அதை அல்லிக்குக் கட்டினோம்.

அன்று வந்த பத்திரிகையில் உள்பக்கத்தில், 'போலகம் முகாமில் ஊசி போட்டுக்கொண்ட பெண் நலமாக இருப்பதாகச் சுகாதாரத் துறை கூறுகிறது' என்று இரண்டு வரி வந்திருந்ததாகச் சொன்னார்கள். படம் இல்லை. நான் உயிரோடு இருப்பது கூடச் சுகாதாரத் துறை கூறுகிற விஷயமாகப் போய்விட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் தாங்கள் கேட்ட விஷயம். அல்லிக்குக் கல்யாணத்தின்போது படம் எடுக்கவில்லை. ஒரு படம் கூட இல்லையே என்று முத்தையனின் சொந்தக்காரர்கள் யாரையும் கேட்காமல் முந்தின ராத்திரியே ஆளனுப்பி ஸ்டூடியோக்காரரை வரவழைத்துவிட்டார்கள். வந்தவர் நீலமேகம். யார் வீடு என்று தெரியாமல்தான் வந்திருப்பார். நான் கொல்லைப்புறத்தில் இருந்தேன். முன்பக்கம் வந்தபோது அல்லியை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வாய்க்கட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. நீலமேகம் காமிராவை ஸ்டாண்டில் மாட்டி வைத்துவிட்டு, அவளிடம் போய், இரண்டு விரலால் அந்த முடிச்சைப் பிடித்து உச்சிக்கு நேராக இழுத்துவிட்டார்.

அதைப் பார்த்ததும் நான் ஸ்டாண்டோடு காமிராவைத் தூக்கினேன். கனமாகத்தான் இருந்தது. சோற்று அண்டாவை இறக்குகிற கை இது. வாசலுக்கு எதிரே ஓடுகிற வாய்க்காலுக்குப் போய் எறிந்தேன். நீலமேகம் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார், தள்ளிவிட்டேன், சேற்றில் விழுந்தார். வேறு யாரும் அவரைத் தொடவில்லை. முத்தையன் அந்த நேரத்தில் அல்லியின் காலடியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அங்கே நின்ற எல்லோரும் இதற்குச் சாட்சி.

விழுந்தவர் எழுந்து என் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் யார் என்று தெரிந்துகொண்டார். "அம்மா, நீங்களா" என்றார். அல்லியைக் காட்டி, "இது நெசம் தம்பி, இப்ப எழுதுங்க" என்று சொன்னேன். அவர் மேலே ஒட்டிய சேற்றைக் கூடத் துடைக்காமல் போய்விட்டார்.

அப்படியிருக்க முத்தையன் பெயரில் ஏன் புகார் கொடுத்தார் என்று கேட்டால், ஒரு பொம்பளை தள்ளி விழுந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டிருக்கலாம். அல்லது என் பெயரைப் போட்டால், இந்த லோகாம்பாள் யார் என்று தாங்கள் கேட்பீர்கள், அவருடைய பத்திரிகையில் வாய்க்கட்டோடு வந்தவள் என்று அவரே தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். அதற்காகவும் இருக்கலாம். காமிரா எறிந்ததற்கு என்ன தண்டனையோ அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். முத்தையனை அனுப்பிவிட வேண்டும். அவர் இன்னும் பெண்டாட்டிக்குப் பால் தெளிக்கவில்லை.

நான் சொன்னதைச் சொன்னபடி எழுதி ரைட்டர் ஐயா வாசித்துக் காட்டினார். கூட்டியோ குறைத்தோ எழுதியதாக எனக்குப் படவில்லை. இதில் உள்ளவை எல்லாம் நடந்தவை. நான் உயிரோடு இருக்கிறேன் என்பதும் அதில் ஒன்று. அதைச் சுகாதாரத் துறை கூறுவதாக எழுத வேண்டாம், நான் கூறுவதாகவே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், அப்படியே எழுதப்பட்டது. கைநாட்டு வைக்க மையை நீட்டினார்கள், எனக்கு எழுதத் தெரியும்.

(ஒப்பம்)
ம. லோகாம்பாள்